மூன்றாம் வருஷம் இலை கொட்டிய மல்லாட்டை

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். துருவும் இலைப்புள்ளியும் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்த மல்லாட்டை (நிலக்கடலை) ரகம் இரண்டு வருஷம் பச்சையாக நின்றது. மூன்றாம் வருஷம் ஆடிப்பட்டத்தில் விதைத்தது, ஐப்பசி மழையில் புள்ளி விழுந்து இலை கொட்டிக் குச்சியாகிவிட்டது. உங்கள் அப்பா 'எல்லாம் ஏமாத்து வேலை' என்கிறார். மரபணுவையே எழுத்து எழுத்தாகப் படித்துவிடும் காலத்தில் நோயே அண்டாத ஒரு ரகத்தை ஒரேயடியாகச் செய்து கொடுக்க முடியாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. உங்கள் வயலில் என்ன நடந்தது என்பது ஒன்று. நிலைத்து நிற்கும் எதிர்ப்பை ஒரு செடிக்குள் வைக்க முடியுமா என்பது இன்னொன்று. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கடலையிலும் பயறு வகைகளிலும் ரகம் உருவாக்கும் வேலையில் இருந்தவன் நான். முதல் கேள்விக்கு வயலைப் பார்க்காமல் ஊகம்தான் சொல்ல முடியும். இரண்டாவதைப் பற்றி நிறையவே சொல்லலாம்.

முதலில் உங்கள் வயல். இலை கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. துரு பிடித்த கடலை இலை சுருண்டு காயும், ஆனால் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இலைப்புள்ளி, அதாவது நம் ஊரில் டிக்கா என்று சொல்வது, இலையை உதிர்த்துவிடும். அடுத்த முறை ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஆரஞ்சுப் பழுப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வெடித்திருந்து, விரலால் தேய்த்தால் செங்கல் பொடி மாதிரி ஒட்டினால் அது துரு. அடிப்பக்கம் கன்னங்கரேலென்று வட்டப் புள்ளி இருந்தால் பின்பருவ இலைப்புள்ளி. மேல்பக்கம் பழுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் பெரும்பாலும் முன்பருவ இலைப்புள்ளி. மூன்றும் மூன்று தனித்தனிப் பூஞ்சாணங்கள். ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றதைத் தாங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விதை விற்பவர் 'இலை நோய் தாங்கும்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எந்த நோயை என்று கேட்க நமக்கும் தோன்றுவதில்லை.

இரண்டாவது சந்தேகம் விதை. கடலை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். அதனால் வீட்டில் எடுத்து வைத்த விதை தாயைப் போலவே வரும், மூன்று வருஷத்தில் குணம் மாறிவிடாது. ஆனால் களத்தில் கலக்கும். பக்கத்துக் கொல்லைக் காயும் உங்கள் காயும் ஒரே களத்தில் காய்ந்திருந்தால், ஒரே இயந்திரத்தில் உடைத்திருந்தால், போன வருஷம் மண்ணில் தங்கிய காய் முளைத்து வந்திருந்தால் போதும். நூற்றுக்குப் பத்து செடி கலந்தாலே அது வயல் முழுக்க நோயைப் பரப்பும் அடுப்பாகிவிடும். மூன்றாவது, மழை. முதல் இரண்டு வருஷமும் ஐப்பசி வறண்டு கிடந்திருந்தால் எந்த ரகமும் பச்சையாகத்தான் நின்றிருக்கும். இந்த மூன்றையும் தள்ளிவிட்டுத்தான் 'பூஞ்சாணம் எதிர்ப்பை உடைத்துவிட்டது' என்ற நான்காவது காரணத்துக்கு வருவேன். கடலையில் 'எதிர்ப்பு போய்விட்டது' என்று என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் விதைக் கலப்பாகவோ வேறு நோயாகவோ இருந்தன. இது என் அனுபவக் கணக்கு, ஆய்வு முடிவு இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. எதிர்ப்பு ஏன் உடைகிறது? 1940-களில் அமெரிக்காவின் வட டகோட்டாவில் எச். எச். ஃப்ளோர் என்பவர் ஆளிச் செடியையும் அதன் துருப் பூஞ்சாணத்தையும் வைத்துக் கண்டுபிடித்தது இன்றுவரை அடிப்படை. செடியில் ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தால், பூஞ்சாணத்தில் அதற்கு ஜோடியாக ஒரு மரபணு இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஒரு திருடனின் முகம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் செடி, தொற்றிய இடத்தைச் சுற்றித் தன் செல்களையே சாகடித்து நோயை அங்கேயே அடைத்துவிடும். இலையில் குண்டூசித் தலையளவு கருகல், அவ்வளவுதான். அழகான, முழுமையான எதிர்ப்பு. ஆனால் அந்தத் திருடனின் பிள்ளைகளில் ஒருவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் காவலாளிக்கு அடையாளம் தெரியாது. பூஞ்சாணத்துக்கு மீசையை எடுப்பது பெரிய வேலை இல்லை. ஒரு மரபணு கெட்டுப்போனால் போதும். துருவின் ஒரு கொப்புளத்தில் ஆயிரக்கணக்கான வித்துகள், அதாவது பூஞ்சாணம் பரவ உதவும் தூள்கள், இருக்கின்றன, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தலைமுறை ஓடுகிறது. நாங்கள் ஒரு ரகத்தைக் கலப்பு போட்டு, சோதித்து, வெளியிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பந்தயத்தில் யார் முந்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் பீன்ஸ். கொடைக்கானல், நீலகிரி பக்கம் காயில் குழி விழுந்து கறுக்கும் ஆந்த்ராக்னோஸ் நோயைப் பார்த்திருப்பீர்கள். வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒரு கறுப்பு பீன்ஸில், கார்னெல் 49-242 என்று எண்ணிட்ட விதையில், அந்த நோயின் பூஞ்சாணத்தில் அன்று தெரிந்த இனங்கள் (ஒரே பூஞ்சாணத்தின் உட்பிரிவுகள்) எல்லாவற்றையும் நிறுத்தும் ஒற்றை மரபணு ஒன்று கிடைத்தது. ஐரோப்பிய வல்லுநர்கள் அதை ரகம் ரகமாக ஏற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள். 1970-களில் ஜெர்மனியில் 'காப்பா' என்று பெயரிட்ட இனம் அதை உடைத்துக்கொண்டு வந்தது. இன்று அந்தப் பூஞ்சாண இனங்களுக்குப் பெயர் வைக்கும் முறையே ஒரு கதை சொல்லும். பன்னிரண்டு பீன்ஸ் ரகங்களை வரிசையாக வைத்து 1, 2, 4, 8 என்று 2048 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பூஞ்சாணம் எந்தெந்த ரகத்தைத் தாக்குகிறதோ அந்த எண்களைக் கூட்டினால் அதன் பெயர். பன்னிரண்டையும் தாக்கினால் 4095. அப்படி ஒன்றும் பதிவாகியே இருக்கிறது.

ஆனால் அதே பீன்ஸில் நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் பகுதி உழவர்கள் பரம்பரையாக வைத்திருந்த 'கொலொராடோ தே தியோபிஸ்கா' என்ற சிவப்பு பீன்ஸில் மூன்று வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஆராய்ச்சி நிலையம் எதுவும் அடுக்கி வைத்ததில்லை. நோய் கொழிக்கும் மலையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த செடியில் விதை எடுத்து எடுத்துச் சேர்ந்தது. மூன்று காவலாளிகள் மூன்று அடையாளத்தைப் பார்த்து நிற்கும்போது, பூஞ்சாணம் மீசை, தலைமுடி, நடை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு மாற்றம் பத்து லட்சத்தில் ஒரு வித்தில் நடக்குமென்றால், இரண்டும் ஒன்றாக நடப்பது லட்சம் கோடியில் ஒன்று. மரபணுக்களை அடுக்குவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு சிக்கல்கள். ஒன்று, முதல் மரபணு நோயை முழுசாக நிறுத்திவிட்டால் இரண்டாவது மரபணு செடிக்குள் இருக்கிறதா இல்லையா என்று நோயை வைத்துப் பார்க்க முடியாது. இரண்டு செடியும் சுத்தமாகத்தான் நிற்கும். டி.என்.ஏ. குறியீடுகள், அதாவது ஒரு மரபணு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளங்கள், வந்த பிறகுதான், நாற்றின் ஒரு துண்டு இலையை எடுத்து இரண்டும் இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. நீங்கள் சொல்லும் மரபணுத் தொழில்நுட்பம் உண்மையில் பெரிய உதவி செய்திருக்கும் இடம் இதுதான். இரண்டாவது சிக்கல் வயலில் இருக்கிறது. நான் இரண்டு மரபணுவை அடுக்கி ஒரு ரகம் கொடுக்கிறேன். பக்கத்து மாவட்டத்தில் அதே இரண்டையும் தனித்தனியாக வைத்து இரண்டு ரகம் ஓடுகிறது. பூஞ்சாணம் அங்கே ஒன்றை உடைக்கப் பழகி, அப்புறம் இன்னொன்றை உடைக்கப் பழகி, ஏணிப்படி ஏறுவது போல என் அடுக்குக்கு வந்து சேரும். அந்த லட்சம் கோடிக் கணக்கு அத்தோடு போச்சு. ஒரு மரபணுவை எப்போது, எங்கே வெளியே விடுவது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தால் நல்லது. எந்த ஊரில் அப்படிக் கூடிப் பேசுகிறார்கள்?

இப்போது கடலைக்கு வருகிறேன், உங்களுக்குத் தேவையானதும் இதுதான். நாம் விதைக்கும் கடலை, தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சந்திக்கும் பகுதியில், இரண்டு காட்டுக் கடலைகள் தற்செயலாகக் கூடிப் பிறந்தது. ஒவ்வொன்றிலும் இருபது குரோமோசோம், சேர்ந்து நாற்பது. உலகத்துக் கடலையெல்லாம் அந்த ஒன்றிரண்டு சேர்க்கையின் பிள்ளைகள் என்பதால் குடும்பத்துக்குள் வேற்றுமை குறைவு. துருவையோ டிக்காவையோ பலமாக நிறுத்தும் குணம் நாட்டுக் கடலைக்குள் சொற்பம். பெரு நாட்டுத் தரபோட்டோ வகைக் கடலைகளில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் அவற்றை ஒட்டிக்கொண்டு வந்த தொல்லைகள் அதிகம். நாள் கூடிய பயிர், நரம்பு புடைத்த தடித்த ஓடு, உடைத்தால் பருப்பு குறைவு. அந்த வழியில் வந்த ஒரு வரிசையை (ரகமாக வெளியிடும் முன் சோதனையில் இருக்கும் செடிகளை அப்படிச் சொல்வோம்) நான் ஆசை ஆசையாக வளர்த்து மண்டிக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அறுவடை நேரத்தில்கூட இலை பச்சையாக நின்ற செடி அது. அவர் இரண்டு காயைக் காதருகே வைத்து ஆட்டினார், விரலால் நசுக்கிப் பார்த்தார், உடையவில்லை. 'சார், இதுல ஓட்டைத்தான் வாங்கணும்' என்றார். அந்த வரிசை அங்கேயே முடிந்தது.

ஆகவே காட்டுக் கடலைக்குப் போக வேண்டியிருந்தது. பொலிவியாவின் 'அராக்கிஸ் கார்டெனாசி' என்ற இனத்தில் துருவுக்கும் பின்பருவ இலைப்புள்ளிக்கும் நல்ல எதிர்ப்பு. ஆனால் அதற்கு இருபது குரோமோசோம், நம் கடலைக்கு நாற்பது. சேர்த்தால் முப்பதோடு பிறக்கும், அது மலடு. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அந்த மலட்டுச் செடிக்குக் கோல்சிசின் மருந்து கொடுத்துக் குரோமோசோமை அறுபதாக இரட்டித்தார்கள். அப்புறம் அதைத் தன்போக்கில் தலைமுறை தலைமுறையாக விதைக்க விதைக்க, உபரிக் குரோமோசோம்கள் உதிர்ந்து நாற்பதுக்கு வந்து நின்றது. நடுவில் காட்டுக் கடலையின் சில துண்டுகள் நம் கடலையின் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொண்டன. அந்த விதை ஹைதராபாத் பக்கத்தில் படான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது, அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. அதன் வழிவந்த ஒரு வரிசையைக் கே.ஆர்.ஜி. 1 என்ற குறுகிய நாள் ரகத்தோடு கலந்து தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் எடுத்ததுதான் ஜி.பி.பி.டி. 4. பிறகு அதன் எதிர்ப்புத் துண்டைக் குறியீடு வைத்துத் தேடிப் பிடித்து, டேக் 24, ஜே.எல். 24, ஐ.சி.ஜி.வி. 91114 ஆகிய ஓடுகிற ரகங்களுக்குள் திரும்பத் திரும்பக் கலந்து ஏற்றினார்கள். 2021-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கெடுத்துப் பார்த்தபோது, அந்த ஒரே காட்டுச் செடியின் துண்டுகள் 30 நாடுகளில் 251 ரகங்களிலும் வரிசைகளிலும் இருந்தன. வழியில் ஏதாவது ஒரு நாடு விதை கொடுக்க மறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கடலைப் பூ விடியலில் மலரும். அதனால் முந்தின மாலையே மொட்டைப் பிரித்து, இடுக்கியால் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அது தன்னையே கருத்தரித்துக்கொள்ளும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தந்தைச் செடியின் மகரந்தத்தைப் பிதுக்கித் தடவி, காம்பில் கலர் நூல் கட்டி, அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போகிறதா என்று நாள் கணக்கில் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு காய், அதில் இரண்டு பருப்பு. பனி விழும் மாலையில் குனிந்து உட்கார்ந்து இதைச் செய்யும் பெண்களின் கை வேகம் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

இந்தக் கார்டெனாசி எதிர்ப்பு நிலைத்திருக்கிறதா? பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் பயன்பட்டும் நிற்கிறது, இது உறுதி. ஏன் நிற்கிறது என்பதில்தான் வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. துருவைப் பொறுத்தவரை, செடிக்குச் செடி துரு தாங்குவதில் தெரியும் வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே குரோமோசோம் பகுதியால் வருகிறது என்று குறியீட்டு ஆய்வுகள் காட்டின. அதாவது பெரிய பாரத்தை ஒரு தூண் தாங்குகிறது. ஒரு தூணில் நிற்கும் எதிர்ப்பு உடையும் என்றுதான் நான் இதுவரை எழுதியது எல்லாம் சொல்கிறது. ஆனால் அந்தத் தூணுக்குள் ஒரு மரபணுதான் இருக்கிறதா, பக்கத்தில் பக்கத்தில் பல இருக்கின்றனவா என்பது வேறு விஷயம். காட்டுத் துண்டு நம் கடலைத் துண்டோடு எளிதில் மாற்றிக்கொள்ளாததால் மொத்தமாகவே வந்து சேர்கிறது, பிரித்துப் பார்ப்பது சிரமம். என் சொந்தக் கருத்து: 251 ரகமும் ஒரே செடியை நம்பியிருப்பது எனக்கு நிம்மதி தரவில்லை. ஸ்டெனோஸ்பெர்மா போன்ற வேறு காட்டுக் கடலைகளிலிருந்து எதிர்ப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கும் வேலை பிரேசிலிலும் அமெரிக்காவிலும் நடக்கிறது, அது இன்னும் வேகமாக நடக்க வேண்டும்.

இன்னொரு வகை எதிர்ப்பும் இருக்கிறது, எனக்கு அதன்மேல்தான் அதிகப் பிரியம். நோயை நிறுத்தாது, இழுத்தடிக்கும். புள்ளி வரும், ஆனால் மெதுவாக வரும், சின்னதாக வரும், வித்து குறைவாக விடும், இலை சீக்கிரம் உதிராது. சின்னச் சின்ன மரபணுக்கள் பல சேர்ந்து செய்யும் வேலை. ஒரு மனக்கணக்குப் போடுங்கள். நோய் தாங்காத ரகத்தில் 12 நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்குப் பத்து மடங்கு என்றால் 60 நாளில் ஐந்து சுற்று, ஒன்று ஒரு லட்சமாகும். இழுத்தடிக்கும் ரகத்தில் சுற்றுக்கு 20 நாள், ஐந்து மடங்கு என்றால் அதே 60 நாளில் மூன்று சுற்று, ஒன்று 125 ஆகும். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, ஆனால் வயலில் நடப்பது இந்த மாதிரிதான். இதை உடைக்கப் பூஞ்சாணத்துக்கு ஒற்றை மாற்றம் போதாது. பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாற வேண்டும், மாறினாலும் லாபம் கொஞ்சம்தான். ஆகவே இது நின்று பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அரிக்கவே அரிக்காது என்று சொல்ல மாட்டேன், மெதுவாக அரிக்கும்.

இந்த எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்காது. நாங்கள் சோதனை வயலில் சில வரிசைக்கு ஒரு வரிசை டி.எம்.வி. 2 விதைப்போம். திண்டிவனத்திலிருந்து 1940-ல் வெளியான பழைய ரகம், துருவும் டிக்காவும் விருந்து சாப்பிடும். அதில் நோயை ஏற்றிவிட்டால் பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பரவும். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். ஒன்று என்றால் சுத்தம், ஒன்பது என்றால் குச்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புள்ளி நிறைய இருந்த ஒரு வரிசைக்கு ஏழு போட்டுத் தள்ளிவிட்டேன். விதைகூட எடுத்து வைக்கவில்லை. பறிப்பு அன்று பார்த்தால் சுத்தமாக இருந்த பல வரிசைகளைவிட அதில்தான் காய் பிடித்திருந்தது, இலையும் பாதிக்கு மேல் நின்றது. என் மூத்தவர் ஒருவர் அந்தச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, 'புள்ளியை எண்ணாதய்யா, நிக்கிற இலையை எண்ணு' என்றார். அதற்குள் மற்ற காயோடு காயாக மூட்டைக்குள் போயிருந்தது. உங்கள் அப்பாவிடமும் இதைத்தான் கேட்பேன். புள்ளி வந்தது சரி, பறிப்புக்கு எத்தனை நாள் முன்னால் இலை கொட்டியது? பக்கத்துக் கொல்லையில் எத்தனை நாள் முன்னால்? இரண்டு வாரம் பிந்திக் கொட்டியிருந்தால் அந்த ரகம் ஏமாற்றவில்லை, சொன்ன வேலையைச் செய்திருக்கிறது.

பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணம் ஆபத்து மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் நூறு மைல் போகும் துருவும், மண்ணுக்குள் கிடக்கும் வாடல் நோயும் ஒன்றில்லை. கொண்டைக்கடலை வாடல் பூஞ்சாணம் ஆறு வருஷம்கூட மண்ணில் தூங்கும், ஆனால் நகர்வது மெதுவாக, விதையோடும் மண்ணோடும்தான். அதில் உலகம் முழுக்கச் சேர்த்து எட்டு இனங்களைத்தான் பிரித்திருக்கிறார்கள், பீன்ஸ் ஆந்த்ராக்னோஸில் நூற்றுக்கு மேல். அதனால் வாடலுக்கு ஒன்றிரண்டு மரபணுவே நெடுநாள் தாங்குவதைப் பார்க்கிறோம். துவரையில் மாருதி என்ற ரகம் 1980-களின் நடுவில் கர்நாடகத்தில் வெளியானது. வாடல் தாங்கும் என்பதே அதன் பெருமை, அந்தப் பெருமை நெடுங்காலம் நின்றது. ஆனால் அதே மாருதி மலட்டுத் தேமல் நோய்க்கு எளிதில் விழும். அந்த நோய்க்கான சோதனை வயல்களில் 'தாங்காத ரகம்' என்று ஒப்பிட விதைப்பதே மாருதியைத்தான். சிலந்திப்பேன் பரப்பும் வைரஸ் நோய் அது, பூஞ்சாணமே இல்லை. ஒரு கதவைப் பூட்டினால் இன்னொரு கதவு திறந்தேதான் இருக்கும். இரண்டையும் தாங்கும் ஆஷா என்ற ரகம் பிறகு 1993-ல் வந்தது.

'நோயே அண்டாத' என்ற உங்கள் ஆசைக்கு மிக அருகில் வருவது பட்டாணியின் சாம்பல் நோய்தான். பெரு நாட்டுப் பட்டாணியில் 1948-ல் பதிவான இ.ஆர். 1 என்ற எதிர்ப்பு இன்றும் வேலை செய்கிறது. அது காவலாளி வகை இல்லை. பூஞ்சாணம் உள்ளே நுழையச் செடியின் ஒரு புரதத்தைப் படியாகப் பயன்படுத்துகிறது. இந்தப் பட்டாணியில் அந்தப் படியே உடைந்து கிடக்கிறது. முகத்தை மாற்றிக்கொள்ளலாம், இல்லாத படியில் எப்படி ஏறுவது? பார்லியிலும் இதே மரபணுக் கோளாறு பல பத்தாண்டுகளாக நிற்கிறது. உளுந்து, பாசிப்பயறுக்கும் அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். மரபணு வெட்டும் கருவி இருக்கிறது, கொள்கையளவில் முடியும். ஆனால் இது சாம்பல் நோய்க்கு மட்டும் பொருந்தும் வித்தை, துருவுக்கும் டிக்காவுக்கும் உதவாது. அதோடு செடி அந்தப் புரதத்தை வேறு எதற்காவது வைத்திருக்கும். உடைத்தால் அதன் விலை வேறு எங்கோ தெரியும்.

மரபணுவையே பெயர்த்து வைப்பதும் நடந்திருக்கிறது. சோயாவின் ஆசியத் துரு 2001 வாக்கில் தென் அமெரிக்காவுக்குள் நுழைந்து பிரேசிலை ஆட்டிவைத்தது. சோயாவுக்குள் இருந்த எதிர்ப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. 2016-ல் நம் துவரையிலிருந்து ஒரு எதிர்ப்பு மரபணுவை எடுத்து சோயாவுக்குள் வைத்தபோது அது துருவை நிறுத்தியது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு காவலாளிதான். தனியாக நிறுத்தினால் அதே கதை. பிரேசில் செய்த இன்னொரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வருஷத்தில் 60 முதல் 90 நாள் வயலில் ஒரு சோயாச் செடிகூட உயிரோடு நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். துருப் பூஞ்சாணத்துக்குப் பச்சை இலை இல்லாமல் வாழ்க்கை இல்லை. நம் பக்கம் ஆடிக் கடலை, மார்கழிக் கடலை, சித்திரைக் கடலை, நடுவில் வரப்பில் தானே முளைத்த கடலை. வருஷம் முழுக்க அதற்குப் பந்தி விரித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே உங்கள் நேர்க் கேள்விக்கு என் நேர்ப் பதில்: இது நிலைத்து நிற்கும் என்று வெளியிடும் அன்றே யாரும் உறுதி கொடுக்க முடியாது. நோய் கொழிக்கும் ஊரில், பரந்த நிலத்தில், பல வருஷம் விதைத்த பிறகு திரும்பிப் பார்த்துத்தான் 'நின்றது' என்று சொல்ல முடியும். நாங்கள் செய்யக்கூடியது வாய்ப்பைக் கூட்டுவதுதான். இழுத்தடிக்கும் எதிர்ப்பை அடித்தளமாக வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று பெரிய மரபணுக்களை அடுக்கி, அந்த மரபணுக்களைத் தனித்தனியாக ஊருக்குள் விடாமல் இருப்பது. அதில் உங்கள் பங்கும் உண்டு. ஊர் முழுக்க ஒரே ரகத்தை விதைக்காதீர்கள். தானாக முளைத்ததைப் பிடுங்குங்கள். நோய் தாங்கும் ரகம் என்றாலும் மழை தொடர்ந்தால் ஒரு முறை பூஞ்சாணக்கொல்லி அடிக்கக் கஞ்சப்படாதீர்கள். மருந்து பூஞ்சாணத்தின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் எதிர்ப்பை உடைக்கும் அந்த ஒரு வித்து பிறக்கும் வாய்ப்பும் குறைகிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று இலையைப் பார்க்காமல் நான் எழுத மாட்டேன், பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் இலையோடு போய்க் கேளுங்கள்.

ரகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதையும், மூன்றாம் வருஷ விதை வீட்டில் எடுத்ததா, மண்டியில் வாங்கியதா, யாரிடமாவது மாற்றிக்கொண்டதா என்பதையும் எழுதுங்கள். இன்னும் கொல்லையில் ஏதாவது செடி நின்றால், ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், வெயிலில் எடுத்தால் கொப்புளம் தெரியும்.